பழைய நீராவி டக் போட்டில் அப்ரண்டிஸாக இருந்த கதை (கழற்றுவதைப் பற்றி)

கொட்டாஞ்சேனை நேசன்

போன வாரம் வேறொரு இழையில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: பழைய கப்பலைத் திருத்துவதில் பொறியியல் எங்கே இருக்கிறது, வெல்டிங்கும் பெயின்ற் அடிப்பதும்தானே என்று. அங்கேயே பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது, அதனால் தனி இழை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் துறைமுகப் பக்கத்து வேக்‌ஷொப் ஒன்றில் பிற்றர் அப்ரண்டிஸ், அதாவது இயந்திரம் கழற்றிப் பொருத்தப் பழகுகிற பெடியன். வகுப்புக்கு மருதானை டெக்னிக்கல் கொலேஜ், மற்ற நாளெல்லாம் வேக்‌ஷொப். பெயர் எழுதமாட்டேன், கேட்காதீர்கள். அங்கே ஒரு பழைய நீராவி டக் போட் (பெரிய கப்பல்களை இழுக்கும் படகு) கிடந்தது. ஸ்கொட்லாந்தில் கட்டி வந்தது, உடம்பு முழுக்க ரிவெற் (தகடுகளை இணைக்கும் தலை அடித்த ஆணி), இரண்டு சிலிண்டர் கொம்பவுண்ட் எஞ்சின் (ஒரே நீராவி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிலும் வேலை செய்யும்), ஸ்கொச் பொயிலர் (நெருப்புக் குழாய்கள் உள்ளே ஓடும் உருளைப் பொயிலர்). டீசல் டக்குகள் வந்தபிறகு அதை மூலையில் கட்டிப்போட்டிருந்தார்கள். மேலிடத்தில் யாருக்கோ அதைத் திருத்தி உல்லாசப் பயணிகளை ஏற்றி ஓட்டலாம் என்று யோசனை வந்திருக்கிறது. அப்ரண்டிஸ் பெடியன்களைப் போட்டால் கூலி மிச்சம் என்பதும் அதே யோசனையின் மற்றப் பாதி.

எங்களுக்கு மேலே ஒரு பாஸ், அதாவது மூத்த கைவேலைக்காரர். முகத்துவாரத்துக்காரர், சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பார், கோபம் வந்தால் இரண்டும் நின்றுவிடும், ஸ்பானரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் எங்களை ஒன்றையும் பொருத்த விடவில்லை. மாதக்கணக்கில் கழற்று, குறி போடு, மண்ணெண்ணெயில் கழுவு, அள, ரெஜிஸ்டரில் எழுது, இவ்வளவுதான். எங்களுக்கோ எஞ்சின் ஓடுவதைப் பார்க்க வேண்டும், சலிப்பாக இருந்தது.

ப்ரொப்பலர் ஷாஃப்ட்டின் கப்ளிங்கை (இரண்டு தண்டுகளின் முனைகளை இணைக்கும் இடம்) கழற்றிய நாளில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. வட்டமாகப் போல்ட்டுகள், பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒவ்வொரு துளையும் தனித்தனியே ரீமர் போட்டுச் சரியான அளவுக்கு மழித்தது, ஒவ்வொரு போல்ட்டும் அந்தத் துளைக்கென்றே கடைந்தது. இடம் மாற்றிப் போட்டால் ஒன்று இறங்காது, அடுத்தது ஆடும், ஆடுவதைச் சிலநாள் ஓடவிட்டால் துளையே நீள்வட்டமாகிவிடும். பாஸ் முதல் போல்ட்டின் தலையில் பஞ்ச் என்ற குத்தூசியால் ஒரு குத்து, பக்கத்து ஃபிளாஞ்சில் (கப்ளிங்கின் வட்டத் தட்டில்) ஒரு குத்து. அடுத்ததற்கு இரண்டு, இரண்டு. துடைக்கப்போனால் பழைய குத்துகளும் உள்ளே இருக்கின்றன! எங்களுக்கு முன்னால் ஒருவன் கழற்றியிருக்கிறான், அவனும் இதையே செய்திருக்கிறான்.

புதுக் கப்பல் கட்டுகிறவனிடம் வரைபடம் இருக்கும். எங்களிடம் இல்லை. கப்பல்தான் வரைபடம், அதையும் நாங்கள் கழற்றக் கழற்றக் குலைத்துக்கொண்டு போகிறோம். அதனால் கழற்றுவதுதான் கஷ்டமான வேலை. பொருத்துவது பிறகு தன்பாட்டில் வரும்.

வேறு யாரும் இப்படி வேலை பழகியிருந்தால் எழுதுங்கள்.

மட்டக்குளி வெல்டர்

ஐயா, வெல்டிங்கைக் குறைத்துச் சொன்ன தம்பிக்கு நீங்கள் பதில் சொன்னதுபோல எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. ரிவெற் உடம்பில் வெல்ட் போடுவது சும்மா வேலை இல்லை. பக்கத்தில் வெல்ட் போட்டால் சூட்டில் தகடு இழுபடும், ரிவெற் தளர்ந்து தண்ணீர் கசியும், அதை அடைக்க மறுபடி வெல்ட், பிறகு அடுத்த ரிவெற். நான் ஒரு பழைய பார்ஜில் இப்படித் துரத்திக்கொண்டு போயிருக்கிறேன். உங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? ரிவெற் அடிக்க அப்போதே ஆள் இருந்ததா?

கொட்டாஞ்சேனை நேசன்

இருந்தார்கள், இரண்டு கிழவர்கள். பென்சன் போனவர்களைத் தேடிப்பிடித்துக் கூட்டி வந்தார்கள். ஒருவருக்குக் காது அறவே கேளாது. அந்தத் தொழிலில் அது வழக்கம்தான்.

முதலில் பழைய ரிவெற்றை எடுக்க வேண்டும். தலையை உளியால் வெட்டியோ துளைத்தோ எடுத்து, தண்டைப் பஞ்ச் வைத்துப் பின்னுக்குத் தட்டவேண்டும். அவசரப்பட்டுக் காஸ் சுடரைப் பிடித்தால் துளையின் விளிம்பு போய்விடும். அப்புறம் உலை. ரிவெற் நன்றாகச் சிவந்து மஞ்சளடிக்கும்போது ஒருவன் இடுக்கியால் எறிவான், மற்றவன் வாளியில் பிடித்துத் துளைக்குள் விடுவான், உள்ளே இருக்கிறவன் கனமான இரும்பை வைத்துத் தாங்குவான், வெளியே கிழவர் அடிப்பார். ஆறும்போது ரிவெற் சுருங்கும், அந்தச் சுருக்கம்தான் இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடிக்கிறது. அதன்பிறகு தகட்டு விளிம்பை மழுங்கல் உளியால் தட்டி ஒட்டவைக்க வேண்டும், அதுதான் தண்ணீர் மறிப்பது. தாங்குகிறவன் வேலை எனக்கு. டாங்கிக்குள்ளே குந்தியிருக்க, தலைக்கு மேலே அடி விழும்.

உடம்பைச் சோதித்த விதத்தையும் சொல்லவேண்டும். அப்போது எங்களிடம் தடிப்பு அளக்கும் மீட்டர் கிடையாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவோம். நல்ல தகடு மணிபோல ஒலிக்கும், செத்த தகடு டொக்கென்று நிற்கும். சந்தேகம் வந்த இடத்தில் துளைபோட்டு அளந்து, பிறகு அடைப்பது. பெரிய ஏமாற்று வேலை அடிவயிற்றில் இருந்தது. பழைய காலத்தில் உள்பக்கம் தண்ணீர் தேங்கும் இடத்தில் துருப்பிடிக்காமல் இருக்கச் சீமெந்து பூசிவிடுவார்கள். மேலே பார்த்தால் அழகாக இருக்கும். உடைத்தால் சில இடத்தில் சீமெந்துதான் கப்பல், தகடு இல்லை. சீமெந்தை உடைக்கவேண்டாம், அப்படியே பெயின்ற் அடித்துவிடுங்கள் என்று மேலே இருந்து ஒருவர் சொல்லிவிட்டார். பாஸ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது நாள் உடைக்கச் சொல்லிக் கட்டளை வந்தது.

ஆழ்கடல்

எல்லாம் இனிக்கிறது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பொயிலரையும் நீராவிக் குழாய்களையும் சுற்றியிருந்த வெள்ளைப் பூச்சை யார் உரித்தது?

நான் மரீன் எஞ்சினியராகக் கடலில் இருந்தவன், அதனால்தான் கேட்கிறேன். அந்தக் காலத்து நீராவிக் கப்பலில் அது அஸ்பெஸ்டஸ். சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாது, உரித்தால் தூள். நோய் தெரிய இருபது முப்பது வருஷம் எடுக்கும், அதற்குள் வேலை கொடுத்தவன் கம்பனியையே மூடியிருப்பான். பாஸ்மாரின் கைத்திறனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அந்தப் பாஸ்மார் எப்படிச் செத்தார்கள் என்று எழுதுவதில்லை. அப்ரண்டிஸ் என்றால் மலிவான கை, அவ்வளவுதான். எழுபத்தொன்றில் தொழிற்பயிலுநர் சட்டம் வந்தது உண்மை, டாங்கிக்குள்ளே குந்தியிருந்தவனிடம் அது எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது?

கொட்டாஞ்சேனை நேசன்

சரியான கேள்வி. உரித்தது நாங்கள்தான். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு உரி என்று பாஸ் சொல்வார், அது தூசு பறக்காமல் இருக்க, நோயைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். முகத்தில் சாரத்துண்டு. மாஸ்க் என்ற சாமானை நான் முதலில் கண்டது வளைகுடாவில். எங்களோடு இருந்த ஒருவருக்குப் பின்னாளில் மூச்சு வியாதி, அது அதனால்தானா என்று எந்த டொக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது பழைய கப்பலில் கைவைக்கப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: குழாயைச் சுற்றி வெள்ளையாகவோ சாம்பலாகவோ நார்ப்பூச்சு இருந்தால் கையைப் பின்னுக்கு எடுங்கள், சோதித்துவிட்டு வா என்று முதலாளியிடம் சொல்லுங்கள். சிவப்பு ஈயப் பெயின்ற்றைச் சுரண்டும்போதும் அப்படித்தான்.

ஆனால் மலிவான கை என்பதோடு மட்டும் கதை முடியவில்லை, தம்பி. மலிவாகத்தான் வைத்திருந்தார்கள், அதற்குள்தான் படித்தோம். இரண்டும் உண்மை.

அரத்தூள்

அந்தப் "பெயின்ற்றும் வெல்டிங்கும்" தம்பி நான்தான். வாபஸ். நான் மொறட்டுவையில் ஜேர்மன் டெக் என்ற தொழிற்பயிற்சி நிறுவனத்தில் படிக்கிறேன். பேரிங் வேலை பற்றி எழுதுங்கள் சேர். எங்களுக்கு வைற்மெற்றல் ஊற்றுவது புத்தகத்தில் ஒரு பக்கம், பிறகு "இப்போது வழக்கொழிந்தது" என்று ஒரு வரி.

கொட்டாஞ்சேனை நேசன்

சேர் வேண்டாம், ஐயா போதும்.

வழக்கொழியவில்லை, பெரிய டீசல் எஞ்சின்களின் பேரிங்கில் இன்றைக்கும் வைற்மெற்றல் இருக்கிறது, பெட்டியில் வருகிறது என்பதால் கண்ணில் படுவதில்லை. மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஷாஃப்ட்டைத் தாங்கிச் சுற்றவிடுவது பேரிங், அதன் உட்பக்கத்தில் ஊற்றுகிற வெள்ளீயம், அந்திமனி, செம்பு சேர்ந்த கலவைதான் வைற்மெற்றல். எங்கள் டக்கின் மெயின் பேரிங்குகளில் அது வெடித்து உதிர்ந்திருந்தது. பழையதை உருக்கி இறக்கி, பேரிங்கின் ஓட்டை (வெளிக்கூட்டை) சுத்தமாக்கி, ஈயம் பூசி, சூடாக்கி, நடுவே உருளையை நிறுத்திச் சுற்றிவர ஊற்றுவது. உலோகம் பதமா என்று பார்க்க ஒரு காய்ந்த பலகைச் சீவலை உள்ளே விடுவார் பாஸ். சீவல் கருகவேண்டும், பற்றி எரியக்கூடாது. ஊற்றும்போது நிறுத்தாமல் ஊற்றவேண்டும், இடையில் நின்றால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும், பிறகு அது வெடிப்பாகும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஷாஃப்ட்டில் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, பேரிங்கில் வைத்து ஒரு சுற்று. எடுத்துப் பார்த்தால் மேடான இடங்களில் மட்டும் நீலம். முக்கோணச் சுரண்டியால் அந்த நீலத்தைச் சுரண்டு, துடை, மறுபடி தடவு, மறுபடி சுற்று. முதலில் இரண்டு மூன்று திட்டுத்தான் தெரியும், போகப்போகத் திட்டுகள் சிறுத்துப் பெருகி, முழு ஓட்டிலும் அம்மைபோலப் புள்ளி விழும். அது வந்தால் சரி. இடைவெளி பார்க்க மெல்லிய ஈயக் கம்பியை ஷாஃப்ட்டின் மேல் வைத்து மூடியை இறுக்கிக் கழற்றி, நசிந்த கம்பியை மைக்ரோமீட்டரால் அளப்போம். ஷாஃப்ட்டின் விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்பது அந்தக் காலத்துக் கைக்கணக்கு.

ஆனால் இவ்வளவும் செய்து, தண்ணீர் இறைத்த உலர் டொக்கில் வைத்து எல்லாம் நேர்கோட்டில் இருக்கிறது என்று சந்தோஷப்படக்கூடாது. கப்பல் கட்டைகளின் மேல் நிற்கும்போது இருக்கிற உருவம் வேறு, தண்ணீரில் மிதக்கும்போது வேறு. நேர்கோட்டைக் கடைசியாகப் பார்ப்பது தண்ணீரில் இறக்கிய பிறகுதான். இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

திருமலைக்காரி

இந்த இழையில் எங்கள் ஊர்க் கப்பலைப் பற்றி யாரும் சொல்லாமல் விடலாமா? நான் இருப்பது வெள்ளவத்தை, பிறந்தது திருகோணமலை. இங்கிலாந்தில் ஹார்ட்ல்பூலில் எச்எம்எஸ் ட்ரின்கோமலி என்று ஒரு பாய்க்கப்பல் இன்றும் மிதக்கிறது. மகளைப் பார்க்கப் போனபோது கூட்டிப்போனாள். பெயர் எங்கள் ஊர், கட்டியது பம்பாய். வாடியா குடும்பத்துப் பார்சி மேஸ்திரிகள் கட்டி, 1817 ஒக்டோபர் 12 அன்று தண்ணீரில் விட்டார்கள். இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு, பம்பாயில் மலபார்த் தேக்கு. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பு ஆணியைத் தின்னும், தேக்கின் எண்ணெய் ஆணியைக் காக்கும் என்று அங்கே விளங்கப்படுத்தினார்கள்.

ஒரு விஷயம் நேசன் ஐயாவுக்குப் பிடிக்கும். கட்டுவதற்கு லண்டனிலிருந்து அனுப்பிய முதல் வரைபடம் வந்து சேரவே இல்லை, அதைக் கொண்டுவந்த ஜாவா என்ற கப்பலை 1812இல் அமெரிக்காவின் கொன்ஸ்டிட்டியூஷன் என்ற போர்க்கப்பல் பிடித்துவிட்டது. மறுபடி இன்னொரு பிரதி அனுப்பினார்கள். 1897இல் கப்பலை விற்றார்கள், வாங்கியவர் பிறகு ஃபூட்ரோயன்ட் என்று பெயரை மாற்றினார், அந்தப் பெயரில் நெடுங்காலம் பெடியன்களுக்குக் கடல் பழக்கும் கப்பலாக இருந்தது. 1987இல் ஹார்ட்ல்பூலுக்குக் கொண்டுவந்து, 1990இல் திருத்தத் தொடங்கி, 2001இல் முடித்தார்கள். பெயரையும் 1992இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அதே ஊரில்தான் வோரியர் என்ற இரும்புப் போர்க்கப்பலைத் திருத்தினார்கள், 1979 தொடங்கி 1987 வரை. கப்பல் கட்டும் தொழில் செத்துப்போன ஊர், வேலை இல்லாமல் இருந்தவர்களுக்கு அந்த வேலை கிடைத்தது. ஒரு கப்பலில் கை பழகியவர்கள் இருந்ததால்தான் அடுத்த கப்பல் அந்த ஊருக்கே வந்தது.

வல்வை மருமகன்

அக்கா, கப்பல் என்று தொடங்கினால் வல்வெட்டித்துறையை விட்டுவிட முடியுமா. அன்னபூரணி. 89 அடி, வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, மனைவியின் பெயரை வைத்தார். எங்கள் ஊர் மாலுமிகள் ஓட்டிக்கொண்டு போய் 1938இல் மசாசுசெட்ஸில் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்ந்தார்கள். இன்றைக்கு ஊரில் அதைப் பற்றிப் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. திருத்துவதற்குக் கப்பல் ஏது?

ஆழ்கடல்

கழற்றுவது பற்றிய இழை என்பதால் ஒன்று. தங்கனீக்கா ஏரியில் லியெம்பா என்று ஒரு கப்பல். ஜேர்மன்காரர் 1913இல் பாப்பன்புர்க்கில் கட்டி, துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டிகளில் ஆபிரிக்காவுக்கு அனுப்பி, ஏரிக்கரையில் பொருத்தினார்கள். 1916இல் எதிரி கையில் சிக்காமல் இருக்கத் தாங்களே மூழ்கடித்தார்கள். ஆனால் மூழ்கடிக்குமுன் எஞ்சினியர்மார் எஞ்சின் முழுக்கக் கட்டியாகக் கிரீஸ் அப்பிவிட்டுப் போனார்கள். 1924இல் ஆங்கிலேயர் தூக்கியெடுத்தார்கள், 1927இல் மறுபடி ஓடியது. மூழ்கடி என்ற கட்டளையையும் நிறைவேற்றி, பின்னால் வரப்போகிற பிற்றரையும் நினைத்திருக்கிறார்கள். அஸ்பெஸ்டஸ் விஷயத்தில் உங்களைக் கடிந்தேன், இது அதற்கு ஈடு.

கேள்வி: உங்கள் டக் கடைசியில் ஓடியதா?

கொட்டாஞ்சேனை நேசன்

ஓடவில்லை.

பொயிலர்ச் சோதனை வரை வந்தோம். குழாய்கள் மாற்றி, பொயிலர் நிறையத் தண்ணீர் விட்டு, கைப்பம்பால் வேலை அமுக்கத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றிப் பிடித்தோம். காற்று விட்டுச் சோதிக்கக்கூடாது. காற்று அமுங்கி அமுங்கிச் சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும், உடைந்தால் ஆளைக் கொல்லும். தண்ணீர் அமுங்காது, உடைந்தாலும் பீச்சிவிட்டு நின்றுவிடும். ஊசி அசையாமல் நின்றது. பாஸ் எங்களுக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்தார், அவர் காசில், அதுவே பெரிய செய்தி.

அப்புறம் 83 ஆடிக் கலவரம். அதை இந்த இழையில் எழுதமாட்டேன், வேறு இடத்தில் கேட்டால் சொல்கிறேன். நான் ஊருக்கு, ஊரிலிருந்து வளைகுடாவுக்கு. வருஷங்கள் கழித்து வந்து விசாரித்தால் டக்கை நிறைக்கு விற்றுவிட்டார்கள். எழுதி வைத்த ரெஜிஸ்டர்களைக் கேட்டேன். அறை ஒதுக்கும்போது போட்டுவிட்டார்களாம். இரும்பு போனதுகூட எனக்குப் பெரிதில்லை. ஒவ்வொரு போல்ட்டின் விட்டமும் ஒவ்வொரு பேரிங்கின் இடைவெளியும் அதில் இருந்தன. அவை இருந்திருந்தால் வேறு யாரும் அந்த எஞ்சினைத் திரும்பச் செய்யலாம். கோபம் அதில்தான்.

மட்டக்குளி வெல்டர்

ஐயா, விற்காமல் வைத்திருந்தாலும் இந்த உப்புக்காற்றில் எத்தனை நாள்? ஓடாத கப்பல் கரையில் இருந்தாலும் சாகும்.

திருமலைக்காரி

பிரிஸ்டலில் கிரேட் பிரிட்டன் என்ற கப்பலுக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். புரூனல் என்ற ஆங்கிலப் பொறியியலாளரின் இரும்புக் கப்பல், 1843. ஃபோக்லாந்துத் தீவில் கிடந்ததை 1970இல் கொண்டுவந்தார்கள். இரும்புக்குள் ஊறிய உப்பை எடுக்க முடியவில்லை. அதனால் நீர்க்கோட்டு மட்டத்தில் கண்ணாடியால் மூடி, கீழே டொக்குக்குள் காற்றின் ஈரத்தை நூற்றுக்கு 20 வீதத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த வரட்சியில் துரு நகராது. தகட்டை மாற்றவே இல்லை.

ஆழ்கடல்

கொழும்பில் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்க மின்சார பில் யார் கட்டுவது? இங்கே எண்பது வீதம் சர்வசாதாரணம். என் கணக்கில் இங்கே ஓட்டினால்தான் உயிர், ஓட்டுகிறவன் கை வைத்துக்கொண்டே இருப்பான். கண்ணாடிக்குள் வைத்தால் காவலாளிக்குத்தான் வேலை.

கொட்டாஞ்சேனை நேசன்

ஓட்டினால் தேயும், தேய்ந்தால் மாற்றவேண்டும், மாற்ற மாற்றப் பழையது போகும். நான் ஆழ்கடலின் பக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனை: மாற்றுமுன் அளந்து எழுதி, எழுதியதை இரண்டு இடத்தில் வைக்கவேண்டும். ஒன்று வேக்‌ஷொப்புக்கு வெளியே.

அரத்தூள்

ஐயா, ஒரு உடனடிக் கேள்வி. எங்கள் மாமாவின் காணியில் பழைய இங்கிலிஷ் தண்ணீர்ப் பம்ப் எஞ்சின் ஒன்று கிடக்கிறது, கழற்றிப் பார்க்கலாம் என்று தொடங்கினேன். சிலிண்டர் ஹெட்டில் ஒரு நட் அசையவே இல்லை. ஸ்பானரும் சரியாகக் குந்தவில்லை, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பைப் போட்டு இழுக்கட்டுமா?

கொட்டாஞ்சேனை நேசன்

இழுக்காதே! முதலில் ஸ்பானர். அது விற்வேர்த் (பழைய இங்கிலிஷ் அளவு) நட்டாக இருக்கும், உன்னிடம் இருப்பது மெற்றிக். விற்வேர்த் ஸ்பானர் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் நிறைக்கே கிடைக்கும். அதன் புரியும் 55 பாகை, மெற்றிக் 60, ஆகவே பிறகு புது நட்டை நெருக்கி ஏற்றிவிடவும் வேண்டாம். ஸ்பானர் வந்ததும் புரியைக் கம்பித் தூரிகையால் துடைத்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடு. நட்டின் ஒரு முகத்தில் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர் முகத்தில் சின்னச் சுத்தியலால் தட்டு, முகம் முகமாகச் சுற்றி வா. அதற்கும் அசையாவிட்டால் நட்டை மட்டும் சூடாக்கு, அது ஏறியிருக்கும் புரிக்கம்பியான ஸ்டட்டை அல்ல, எண்ணெயையும் பெற்றோல் டாங்கியையும் முதலில் அப்புறப்படுத்திவிட்டு. அசைந்ததும் ஒரேயடியாகக் கழற்றாதே, கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி வெளியே.

தொடங்குமுன் நாலு பக்கமும் படம் எடுத்து இங்கே போடு. பக்கத்து ஸ்டட்டுகள் எல்லாம் ஒரே நீளமா என்றும் பார்த்துச் சொல்.